படிகாரக் கல்லும் கற்றாழை நாற்றமும்: கேட்டவர்களுக்குப் பதில்

போன வாரம் குழுவில் ஒருவர், பாரிசிலிருந்து வந்த சித்தப்பா கொடுத்தது என்று ஒரு வெள்ளைக் கல்லின் படத்தைப் போட்டு, டியோவுக்குப் பதிலாக இதைத் தேய்த்தாலே போதுமாமே என்று கேட்டிருந்தார். நான் சும்மா இருக்காமல் இரண்டு வரி பதில் எழுதப்போக, இப்போது கேள்விகள் வரிசை கட்டி நிற்கின்றன. கடலூரில் 26 வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான், இப்போது முத்தியால்பேட்டையில் பேரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். தோல் டாக்டர் கிடையாது. கல்லைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். கட்டி, புண், மாத்திரை எல்லாம் டாக்டரிடம்.

லாஸ்பேட்டை: டீச்சர், சித்தப்பா கொண்டுவந்த ‘ஆலுன்’ கல்லும் நம்ம ஊர் சலூன் கல்லும் ஒன்றா? பெட்டியில் எட்டு யூரோ என்று போட்டிருக்கிறது.

ஒன்றுதான். பிரெஞ்சில் பியேர் தாலுன், நமக்குப் படிகாரம், சில பேருக்குச் சீனாக்காரம். சவரம் முடிந்ததும் சலூன்காரர் தண்ணீரில் முக்கிக் கன்னத்தில் இழுப்பாரே, அது. கடை வாசலில் கறுப்புக் கயிற்றில் திருஷ்டிக்குத் தொங்குகிறதே, அதுவும் அதே. சித்தப்பா கல்லை வழவழவென்று இழைத்துப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். அந்த எட்டு யூரோவில் பாதி இழைப்புக் கூலி, மீதி பெட்டி. பெரிய மார்க்கெட் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் ஐம்பது ரூபாய்க்குக் கேட்டால் வருடக்கணக்கில் வரும்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பின்னால் வருகிற பாதிக் கேள்விக்கு இதுதான் பதில். வியர்வைக்கு என்று தனியாக நாற்றம் கிடையாது. அக்குளில் இரண்டு வகைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒன்று உடம்பு முழுக்க இருக்கிற, தண்ணீரும் உப்பும் விடுகிற வகை. இன்னொன்று அக்குள் மாதிரி சில இடங்களில் மட்டும் இருப்பது, கொழுப்பும் புரதமும் கலந்து கொஞ்சமாகக் கசியும். அந்தக் கசிவைத் தின்று நாற்றமாக மாற்றுவது தோலில் குடியிருக்கிற பாக்டீரியா. படிகாரம் அந்த பாக்டீரியாவை அமுக்குகிறது. கல்லை நனைத்துத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உப்புப் படலம் ஒன்று காய்ந்து நிற்கும். அது துவர்ப்பு, கூடவே புளிப்புப் பக்கம், பாக்டீரியாவுக்கு இரண்டும் பிடிக்காது. அவ்வளவுதான் விஷயம்.

தேய்க்கும் முறை: குளித்துத் துடைத்த அக்குளில், கல்லை மட்டும் நனைத்து, ஐந்தாறு இழுப்பு. ஒரு நிமிடம் காயவிட்டுச் சட்டை போடுங்கள். ஏற்கெனவே நாறுகிற அக்குளில் தேய்த்து ஒரு பிரயோசனமும் இல்லை, வந்த நாற்றத்தை அது திரும்ப எடுக்காது. முடிந்ததும் கல்லைக் கழுவித் துடைத்து வையுங்கள். ஈரத்தோடு இரும்புத் தட்டில் வைத்தால் தட்டு துருப்பிடிக்கும், மார்பிள் திண்டில் வைத்தால் பளபளப்பு போகும். நான் ஒரு கொட்டாங்கச்சியில் வைத்திருக்கிறேன்.

முக்கியமானது: கற்கண்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. என் பேரன் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, முகம் அப்படியே சுருங்கி, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தான். சின்னத் துண்டு, துப்பிவிட்டான், வாயைக் கழுவிவிட்டதோடு போயிற்று.

பாகூர்: வியர்வை நிற்குமா மேடம்? எனக்குச் சட்டை தொப்பலாக நனைகிறது.

நிற்காது. வியர்வையை நிறுத்துவதாகச் சொல்லி விற்கிற குச்சிகளில் இருப்பது அலுமினியம் குளோரோஹைட்ரேட் மாதிரி வேறு உப்புகள். அவை வியர்வைக் குழாயின் வாயில் கூழாகக் கட்டி அடைத்துக்கொள்ளும். படிகாரம் அந்த அளவுக்கு அடைப்பதில்லை. நாற்றம் குறையும், நனைவது நனையும். நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், வந்த வியர்வை காய்வதற்கு வழியில்லாமல் சட்டையில்தான் இறங்கும், கத்திரி வெயிலில் கேட்கவே வேண்டாம். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போதும் அப்படிக் கொட்டுகிறது என்றால் தோல் டாக்டரைப் பாருங்கள், இரவில் போடுகிற மருந்து இருக்கிறது.

நெல்லிக்குப்பம்: நான் வாங்கிய கல்லின் அட்டையில் ‘அலுமினியம் இல்லாதது, நூறு சதவீதம் இயற்கை’ என்று இருக்கிறது. டியோவில் இருக்கிற அலுமினியத்தால் மார்புப் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததால்தான் இதற்கு மாறினேன்.

அட்டையில் எழுதியவர் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். படிகாரத்தின் முழுப்பெயர் பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். 100 கிராம் கல்லில் ஏறக்குறைய 5.7 கிராம் அலுமினியம், 45 கிராமுக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர். அலுமினியத்தை எடுத்துவிட்டால் அது படிகாரமே இல்லை. அவர்கள் சொல்லவருவது அந்தக் குளோரோஹைட்ரேட் இல்லை என்பதை, எழுதியது வேறு.

இயற்கை என்பதும் அரைகுறைதான். ஒரு காலத்தில் படிகாரப் பாறையை வெட்டி, சுட்டு, ஊறவைத்து எடுத்தார்கள். 1461இல் இத்தாலியில் தோல்ஃபா என்ற இடத்தில் அந்தப் பாறை அகப்பட்டதும் போப்பாண்டவரே வியாபாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். துணிக்குச் சாயம் பிடிக்கவைக்க அது இல்லாமல் முடியாது, அவ்வளவு காசு அதில். இன்று சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி பாக்சைட்டையும் கந்தக அமிலத்தையும் சேர்த்துத் தொழிற்சாலையில் செய்வது. அதனால் கல் கெட்டதாகிவிடாது, பொருள் ஒன்றேதான்.

புற்றுநோய் பற்றி: டியோவால் மார்புப் புற்றுநோய் வருகிறது என்று இதுவரை நிரூபணம் இல்லை. 2001இல் ஓர் ஆய்வில் அக்குளில் பூசிய அலுமினியத்தில் 0.012 சதவீதம்தான் உடம்புக்குள் போனது என்று கண்டார்கள். ஆனால் சோதித்தது இரண்டே பேரை, அதையும் சொல்லிவிட வேண்டும். பயந்துகொண்டு மாறியிருந்தால் மாறியது அலுமினியத்திலிருந்து அலுமினியத்துக்கு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இரண்டையுமே டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம், அவர்களுக்கு உள்ளே போன அலுமினியம் சரியாக வெளியே போகாது.

மூலக்குளம், கல்லூரி மாணவி: மேம், ஷேவ் பண்ணினதும் தேய்த்தேன், உயிர் போய்விட்டது.

போகாமல் என்ன செய்யும். சவரம் செய்த தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் நூறு இருக்கும். இரவில் சவரம், காலையில் கல். கல் கீழே விழுந்து உடைந்திருந்தால் அந்த முனை பிளேடு மாதிரி கிழிக்கும், சொரசொரப்புத் தாளில் தேய்த்து மழுக்குங்கள். இல்லையென்றால் உடைசலை ஒரு டம்ளர் வெந்நீருக்கு ஒரு டீஸ்பூன் வீதம் கரைத்து, ஆறவைத்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக்கொள்ளலாம்.

பண்ருட்டி: இளஞ்சிவப்பாக இந்துப்புக் கல் இருக்கிறதே, அதைத் தேய்க்கலாமா?

அது சாப்பாட்டு உப்பு. பாகிஸ்தானில் கேவ்ரா சுரங்கத்து உப்பு. துவர்ப்பு கிடையாது, படிகாரம் செய்கிற வேலையைச் செய்யாது. ரசத்தில் போடுங்கள்.

கடலூர் முதுநகர்: டீச்சரம்மா, நான் மீன் விற்கிறேன். கையில் ஏறின வாடை சோப்புக்குப் போகமாட்டேன் என்கிறது. இந்தக் கல் கைக்கு ஆகுமா?

ஆகும் அம்மா, உங்கள் கேள்விதான் எனக்குப் பிடித்தது. மீன் வாடையில் முக்கியமானது டிரைமெத்தில் அமீன் என்ற ஒன்று, அது காரத்தன்மை உள்ளது. புளிப்பு பட்டால் உப்பாக மாறி, காற்றில் எழும்பாமல் அடங்கிவிடும். அதனால்தான் மீனைப் புளித்தண்ணீரில் அலசுகிறோம். கையில் புளிக்கரைசலோ எலுமிச்சையோ தேய்த்து, கழுவி, பிறகு சோப்பு போடுங்கள். முதலில் சோப்பு போட்டால் சோப்பின் காரம் வாடையை மறுபடி கிளப்பிவிடும். படிகாரமும் புளிப்புப் பக்கம்தான், ஆனால் மீன் முள் குத்தின கையில் எரியும். புளியே போதும், வீட்டிலும் இருக்கிறது.

வில்லியனூர்: அம்மா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இரண்டு தடவை ‘புளிப்புப் பக்கம்’ என்று எழுதிவிட்டீர்கள். பெயரிலேயே காரம் இருக்கிறது: படிகாரம். சித்த மருத்துவத்தில் வெங்காரம், நவச்சாரத்தோடு சேர்த்துக் காரசாரம் என்றுதான் வைத்திருக்கிறார்கள். காரம் எப்படி அமிலமாகும்?

ஐயா, வாருங்கள். வகுப்பில் வருடா வருடம் இந்தக் கேள்வி வரும், ஒரு மாணவன் இதற்காகவே பரீட்சையில் ‘படிகாரம் ஒரு காரம்’ என்று எழுதி, மதிப்பெண் போகவே என்னோடு சண்டைக்கும் வந்தான். காரசாரம் என்று பிரித்தவர்கள் லிட்மஸ் தாளை வைத்துப் பிரிக்கவில்லை. உறைக்கிற, அரிக்கிற, சுருக்கென்று பிடிக்கிற உப்புகளை எல்லாம் ஒரு கூடையில் போட்டார்கள். பின்னால் பள்ளிப் பாடம் எழுத வந்தவர்கள் அந்தச் சொல்லை அமிலத்துக்கு எதிரானதற்கு எடுத்துக்கொண்டார்கள். சொல் ஒன்று, வேலை இரண்டு. மிளகாயும்தான் காரம், அதை எந்த வகையில் சேர்ப்பீர்கள்?

வில்லியனூர்: மிளகாய் சுவை, அது வேறு. அமிலம் என்றால் குடிதண்ணீரில் எப்படிப் போட்டார்கள்? தானே புயலுக்குப் பிறகு நாங்களே போட்டோம்.

நானும் போட்டேன். 2011 டிசம்பர் 30 காலையில் புயல் கரையைக் கடந்தது, கடலூர் வீட்டில் அடுத்த பல நாள் கலங்கல் தண்ணீர்தான். பித்தளைக் குடத்தில் கல்லை நாலு சுற்று சுற்றிவிட்டு மூடிவைத்தால் காலையில் அடியில் வண்டல் கெட்டியாக உட்கார்ந்திருக்கும். அங்கே நடந்ததே நான் சொல்வதற்குச் சாட்சி. நம் கிணற்றுத் தண்ணீரில் பைகார்பனேட் கரைந்திருக்கிறது, அது காரம். படிகாரத்தின் புளிப்பு அதோடு தீர்ந்துபோகிறது, அலுமினியம் பஞ்சு பஞ்சாக ஹைட்ராக்சைடாகி மண்ணைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்குகிறது. (தெளிந்ததே தவிர கிருமி சாகாது, கொதிக்கவைத்துத்தான் குடித்தோம்.)

நம்பிக்கை இல்லையென்றால் ஒன்று செய்யுங்கள். அரை டம்ளர் வெந்நீரில் படிகாரப் பொடி ஒரு ஸ்பூன் கரைத்து, அதில் ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போடுங்கள். எலுமிச்சைச் சாற்றில் போட்டால் என்ன ஆகுமோ அது ஆகும். வெங்காரத்தை, அதாவது போராக்ஸை, கரைத்து அதே மாதிரி போட்டுப் பாருங்கள், சும்மா இருக்கும். வெங்காரம் நிஜமாகவே காரம், மஞ்சள் தூளைச் சிவப்பாக்கும். கடையில் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் கண்டுபிடிக்கவும் இதுவே வழி.

சங்கராபரணி ஆற்றோரத்துக்காரர்: வில்லியனூர் ஐயா சொல்வதுதான் சரி. முன்னோர் தெரியாமலா பெயர் வைத்தார்கள்?

ஆப்ப சோடா போட்டீர்களா? போட்டுவிட்டு வாருங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: அதுதான் ஆப்ப சோடாவும் படிகாரமும் கலந்து அக்குள் பொடி என்று விற்கிறார்களா?

இப்போதுதானே சொன்னேன், ஒன்றை ஒன்று தீர்த்துவிடும். வியர்வை பட்டதும் அக்குளில் நுரைக்கும். வாங்காதீர்கள்.

காலாப்பட்டு: கல் தேய்த்தும் மாலையில் சட்டை நாறுகிறது.

என்ன துணி? பாலியஸ்டர் என்றால் குற்றம் கல்லுடையது இல்லை, அதில் நாற்றம் தங்கிவிடும். பருத்திக்கு மாறிப் பாருங்கள். பழைய சட்டையை வினிகர் கலந்த தண்ணீரில் அரைமணி ஊறவைத்துத் துவைத்து, உள்பக்கம் திருப்பி வெயிலில் போடுங்கள்.

அரியாங்குப்பம்: என் பையனுக்கு 12 வயது, தேய்க்கலாமா?

புண் இல்லாத தோலில் தேய்க்கலாம். முதலில் தினம் குளிக்கச் சொல்லுங்கள். கற்கண்டு டப்பா ஞாபகம் இருக்கட்டும்.

ரெட்டியார்பாளையம்: இந்துப்புக் கல்...

பண்ருட்டிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வில்லியனூர்: அம்மா, போட்டுப் பார்த்தேன். பொங்கி டம்ளருக்கு வெளியே வழிந்தது. வீட்டுக்காரம்மா திட்டுகிறார். அமிலம் என்று ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பெயரை மாற்றமாட்டேன்.

மாற்றச் சொல்லவே இல்லையே ஐயா. சிட்டிகை என்றேன், எத்தனை ஸ்பூன் போட்டீர்கள்?

பாகூர்: மேடம், இரண்டு நாள் தேய்த்தேன், வாடை குறைந்திருக்கிறது. ஆனால் வியர்வை நிற்கவில்லையே?

நிற்காது.