வாசகர் கேள்வி: கூரை யார் பெயரில்?

கேள்வி: தம்பி இத்தாலியில் இருக்கிறான். அங்கே அக்கம்பக்கத்தார் சேர்ந்து சோலார் போட்டு கரண்டைப் பகிர்ந்துகொள்கிறார்களாம், அரசாங்கம் காசும் தருகிறதாம். எங்கள் தோட்டத்து லயத்தில் வரிசையாக 12 வீடு. எங்களால் முடியுமா?
(ஒரு வாசகி, மஸ்கெலியா)

பதில்: தம்பி கதை விடவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் கொண்டுவந்த பணிப்புரையிலேயே இதற்கு வரையறை இருக்கிறது. ஊர்ச்சனம், சிறு வியாபாரிகள், உள்ளூராட்சி மன்றங்கள் யாரும் விரும்பிச் சேரலாம், நிர்வாகம் அந்தப் பகுதி உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும், லாபம் முதல் நோக்கமாக இருக்கக் கூடாது. இத்தாலியில் வீட்டுக்கு வீடு தனி வயர் இழுப்பதில்லை. ஒரே துணை மின்நிலையத்துக்குக் கீழே இருப்பவர்கள் மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் எவ்வளவு உற்பத்தி செய்தார்கள், எவ்வளவு பாவித்தார்கள் என்று மீட்டரில் கணக்குப் பார்த்து, இரண்டும் பொருந்துகிற அளவுக்கு 20 வருடம் ஊக்கத்தொகை.

சரி, மஸ்கெலியாவுக்கு வருவோம். இலங்கையில் 2016இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமய என்ற அரசாங்கத் திட்டத்தில் கூரையில் சோலார் போட்டு மின்சார சபைக்குக் கொடுக்க வழி வந்தது, ஆனால் அது ஒரு வீடு, ஒரு மீட்டர், ஒரு பெயர் என்ற கணக்கு. உங்கள் லயத்துக் கூரை யார் பெயரில் இருக்கிறது? தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது, 1992இல் நிர்வாகம் கம்பனிகள் கைக்குப் போனது, நாலு தலைமுறையாகக் குடியிருந்தாலும் நம்மிடம் காணி உறுதிப்பத்திரம் இல்லை. ஒழுகுகிற தகரத்தை மாற்றவே தோட்டத்துரையிடம் கேட்கிற இடத்தில் பேனல் ஏற்றிவிட்டு அப்புறம் பேசலாம் என்று இருந்துவிடாதீர்கள். எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், அதுவும் 12 வீட்டுப் பெயரும் உள்ள ஒரு சங்கத்தின் பேரில்.

சங்கம் என்பது நமக்குப் புதிதும் இல்லை. 1990களிலிருந்து கேகாலை, இரத்தினபுரிப் பக்கக் கிராமங்களில் மின் நுகர்வோர் சங்கங்கள் ஓடைத் தண்ணீரில் கரண்ட் எடுத்திருக்கின்றன. நான் பார்த்த ஒன்றில் வீட்டுக்கு நூறு வாட் சொச்சம்தான். ஒருவர் களவாக அயன் போட்டால் ஊர் பல்பு எல்லாம் சிவந்துவிடும், அடுத்த கூட்டத்தில் அவருக்குத் தண்டம். தண்ணீர் வருகிற கான் (வாய்க்கால்) துப்பரவாக்க வராதவருக்கும் தண்டம். சபைக் கரண்ட் வந்ததும் இப்படிப் பல சங்கங்கள் கலைந்தன, எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான், ஏனென்றால் மாதம் ஒருமுறை கூடிக் கணக்குப் புத்தகத்தை எல்லார் முன்னும் திறக்கிற பழக்கமும் கூடவே போய்விட்டது.

கேள்வி: நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு மேலே நல்ல ஓடை இருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் ஒரு மோட்டர் வைத்து நாலு வீட்டுக்குக் கொடுத்தால் என்ன?
(ஒரு வாசகர், பொகவந்தலாவை)

பதில்: பிடிபட்டால் கஷ்டம். அடுத்த வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பது மின்சாரச் சட்டப்படி உரிமமோ விலக்களிப்போ கேட்கிற வேலை. அது தவிர, செக்கனுக்கு 10 லீற்றர் தண்ணீர் 20 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால்தான், பாதி வீணானது போக, ஒரு கிலோவாட் தேறும். மழைக்காலத்து ஓடையைப் பார்த்து மயங்காமல், பங்குனியில் ஒரு வாளியும் கையில் ஒரு மணிக்கூடுமாகப் போய் அளந்துவிட்டு எழுதுங்கள்.