ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்ற வேண்டிய வேலை: வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு குறித்த கேள்வி பதில்

வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் மின்னணுக் கருவிப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று இராமநாதபுரத்தில் வசிக்கும் ஒருவர், மாவட்டத்தின் கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு அளித்த பதில்கள் இவை.

கேள்வி (கீழக்கரை): ஐயா, என் மகன் துபாயிலிருந்து வரும்போதெல்லாம் கைப்பேசிச் செயலியில் அவன் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அரபிக்கடல் நடுவே அது சட்டென்று மறைந்துவிடுகிறது. கட்டுப்பாட்டு அறையிலும் அப்படித்தான் மறையுமா?

பதில்: கவலைப்படாதீர்கள், அம்மா. செயலியில் தெரிவது பெரும்பாலும் ஆர்வலர்கள் தங்கள் வீட்டு மாடியில் வைத்திருக்கும் சிறிய ஆன்டெனாக்கள் பிடித்துத் தரும் படம். விமானம் தன் இருப்பிடத்தையும் உயரத்தையும் 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்கு இரண்டு முறை அளவில் தானாகவே அறிவித்துக்கொண்டே பறக்கிறது. ஏடிஎஸ்-பி எனப்படும் இந்த அறிவிப்பைக் கேட்க ஓர் ஏற்பி இருந்தால் போதும். ஆனால் இந்த அலை நேர்கோட்டில் செல்வது; பூமியின் வளைவைத் தாண்டாது. 35,000 அடியில் பறக்கும் விமானம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவு வரை கேட்கும்; 1,000 அடிக்கு இறங்கிவிட்டால் 70 கிலோமீட்டரைத் தாண்டுவது கடினம். நடுக்கடலில் ஆன்டெனா வைக்க வீட்டு மாடி இல்லாததால்தான் உங்கள் திரையில் அது மறைகிறது.

கட்டுப்பாட்டு அறையின் நிலை வேறு. கரையை ஒட்டிய வானில் ரேடாரும் ஏடிஎஸ்-பியும் உண்டு. அவை எட்டாத கடலில், விமானம் செயற்கைக்கோள் வழியாகக் குறித்த இடைவெளிகளில் தன் நிலையைத் தெரிவிக்கிறது, கட்டுப்பாட்டாளரும் விமானியும் எழுத்துச் செய்திகளைப் பரிமாறிக்கொள்கிறார்கள். படம் அத்தனை அடர்த்தியாகக் கிடைக்காததால் விமானங்களுக்கிடையே விடும் தூரம் கூடுகிறது. ரேடார் பார்வையில் பொதுவாக 5 கடல் மைல் போதும் என்றால், கடலில் 50 கடல் மைல் வரை விட வேண்டியிருக்கும். நவீனமயமாக்கல் என்று சொல்லும்போது பெரும்பாலும் பேசப்படுவது இந்த இடைவெளியை ஆபத்தில்லாமல் குறைப்பதைப் பற்றித்தான்.

கேள்வி (மண்டபம்): எங்கள் படகில் வி.எச்.எஃப். கருவி இருக்கிறது. அதில் விமானிகள் பேசுவது கேட்குமா?

பதில்: கேட்காது. அலைவரிசையும் வேறு, குரலை அலையில் ஏற்றும் முறையான பண்பேற்றமும் வேறு. படகுகள் எஃப்.எம். முறையில் பேசுகின்றன. விமானங்கள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸுக்குள் இன்றும் ஏ.எம். முறையில்தான் பேசுகின்றன. இதைப் பழமை என்று ஒதுக்கிவிட வேண்டாம். எஃப்.எம். முறையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான குரல் மற்றதை முழுவதும் விழுங்கிவிடும், ஏ.எம். முறையில் இரண்டும் மோதி ஒரு கீச்சொலி எழும், இன்னொருவரும் அழைத்திருக்கிறார் என்பது கட்டுப்பாட்டாளருக்குத் தெரிந்துவிடும். எதை மாற்றக் கூடாது என்று தெரிந்திருப்பதும் இந்தத் தொழிலில் ஒரு பகுதி.

கேள்வி (இராமநாதபுரம், கல்லூரி மாணவர்): அமெரிக்காவில் இன்னும் ஃபிளாப்பி வட்டில்தான் விமானக் கட்டுப்பாடு நடக்கிறது என்று படித்தேன். பணமும் தொழில்நுட்பமும் உள்ள நாட்டுக்கு இது ஏன் முடியவில்லை?

பதில்: செய்தி உண்மைதான். 2025 ஜூனில் அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பொறுப்புத் தலைவரே, இனி ஃபிளாப்பி வட்டும் விமான விவரங்களைக் குறிக்கும் காகிதப் பட்டையும் இருக்காது என்று நாடாளுமன்றக் குழுவின் முன் சொல்ல வேண்டிய நிலை இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான அரசுத் தணிக்கை அறிக்கையின்படி, அங்கு வான் போக்குவரத்துக்கான 138 அமைப்புகளில் 51 இனிமேல் பராமரிக்க இயலாதவை. இன்னும் 54 அந்த நிலையை நெருங்குபவை. காரணம் எளிது: உதிரி பாகம் தயாரித்த நிறுவனம் மூடப்பட்டிருக்கும், அந்த மென்பொருளை எழுதத் தெரிந்தவர் ஓய்வு பெற்றிருப்பார்.

முயற்சி செய்யாமல் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. 1988-இல் ஐ.பி.எம். நிறுவனத்திடம் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மாற்றும் மாபெரும் திட்டத்தை ஒப்படைத்தார்கள். செலவும் காலமும் கைமீறிப் போனதால் 1994-இல் அதன் பெரும்பகுதியைக் கைவிட்டார்கள். பிறகு துண்டு துண்டாக மாற்றத் தொடங்கி, உயரப் பறக்கும் விமானங்களைக் கையாளும் 20 மையங்களின் கணினி அமைப்பை 2015-இல் ஒருவழியாக மாற்றி முடித்தார்கள். அதுவும் திட்டமிட்டதைவிடப் பல ஆண்டுகள் தாமதமாகத்தான்.

கருவி கிடைக்காததோ பணம் போதாததோ இதற்கு முதற்காரணம் அல்ல என்பது என் கருத்து. நம் பாம்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கும் வரை ரயில் இக்கரையிலுள்ள மண்டபம் நிலையத்தோடு நின்றது, நாம் பேருந்து ஏறித் தீவுக்குப் போனோம். வானில் அப்படி ஒரு மண்டபம் கிடையாது. பழைய அமைப்பு ஒரு நிமிடமும் நிற்காமல் ஓட வேண்டும். புதியது அதன் அருகிலேயே அதே தரவை வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் நிழலாக ஓட வேண்டும். இரண்டு திரைகளிலும் ஒரே விமானம் ஒரே இடத்தில் தெரிகிறதா என்று நாங்கள் இரவெல்லாம் ஒப்பிட வேண்டும். கட்டுப்பாட்டாளர்கள் பணிக்கு இடையே பயிற்சிக்கும் போய்வர வேண்டும். ஒப்பந்தத்தில் கருவியின் விலை கொட்டை எழுத்தில் இருக்கும், இந்த இடைக்காலத்துக்கான ஆள் எண்ணிக்கை எங்கோ ஒரு பின்னிணைப்பில் இருக்கும். திட்டங்கள் தாமதமாவது பெரும்பாலும் அந்தப் பின்னிணைப்பில்தான்.

கேள்வி (தொண்டி, ஆசிரியர்): 2025 நவம்பரில் டெல்லியில் நூற்றுக்கணக்கான விமானங்கள் தாமதமாயின. ரேடார் செயலிழந்ததா?

பதில்: இல்லை. செயலிழந்தது தானியங்கிச் செய்திப் பரிமாற்ற அமைப்பு. ஒரு விமானம் எங்கிருந்து எங்கே, எந்த வழியில், எந்த உயரத்தில் செல்லப் போகிறது என்ற பயணத் திட்டத்தைக் கட்டுப்பாட்டாளரின் திரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அதுதான். அது நின்றதால் திட்டங்களைக் கையால் உள்ளிட வேண்டியதாயிற்று. 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. விமானங்கள் பார்வையிலிருந்து மறையவில்லை. வேலையின் வேகம்தான் குறைந்தது.

இதே வகையில் அதிகம் கற்றுத்தந்தது 2023 ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டனில் நடந்தது. ஒரு விமானத்தின் பயணத் திட்டத்தில், உலகின் இரு வேறு மூலைகளில் உள்ள இரண்டு வழிப்புள்ளிகளுக்கு (வான்வழியைக் குறிக்கப் பெயரிட்ட இடங்களுக்கு) டி.வி.எல். என்ற ஒரே குறியீடு இருந்தது. மென்பொருள் குழம்பி, தவறான தகவலை அனுப்புவதைவிட நிறுத்திக்கொள்வதே மேல் என்று தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது. உடனே மாற்று அமைப்பு பொறுப்பேற்றது. அதே மென்பொருள், அதே திட்டம், ஆகவே அதுவும் நின்றது. 7 லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். ஒன்றைப் போலவே இன்னொன்றை வாங்கி வைத்துவிட்டு மாற்று ஏற்பாடு இருக்கிறது என்று கோப்பில் எழுதுவது எல்லா நாடுகளிலும் நடக்கிறது. வன்பொருள் பழுதுக்கு அது உதவும், மென்பொருளின் தவறுக்கு உதவாது.

கேள்வி (தங்கச்சிமடம்): எல்லாம் ஜிபிஎஸ் என்று ஆகிவிட்டால், அதை யாராவது குழப்பிவிட்டால் என்ன ஆகும்?

பதில்: சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். ஏடிஎஸ்-பி அறிவிப்பில் விமானம் சொல்லும் இடம் பொதுவாக ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் அமைப்பிலிருந்து எடுத்ததே. விமானம் ஏமாற்றப்பட்டால் கட்டுப்பாட்டாளரும் ஏமாறுவார். ஆகவே, விமானம் என்ன சொன்னாலும் தன் எதிரொலியை வைத்து இடத்தைக் கண்டறியும் ரேடாரை முழுவதும் கழற்றிவிடக் கூடாது என்ற கட்சியைச் சேர்ந்தவன் நான்.

ஆனால் ரேடார் மட்டும் போதும் என்பதும் தவறு. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் வானில் மோதி 349 பேர் இறந்தபோது, டெல்லிக் கட்டுப்பாட்டாளரிடம் இருந்தது எதிரொலியை மட்டும் வைத்து வேலை செய்யும் முதன்மை ரேடார் மட்டுமே. அது உயரத்தைக் காட்டாது. கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்காமல் கீழே இறங்கியதை அவர் திரையில் பார்க்க வழியில்லை. விமானத்தைக் கேள்வி கேட்டு உயரத்தையும் பதிலாகப் பெறும் இரண்டாம் நிலை ரேடாரும், விமானங்களிலேயே மோதல் தவிர்ப்புக் கருவியும் அதன் பிறகுதான் இங்கே கட்டாயத் தேவைகளாகப் பார்க்கப்பட்டன.

ஜிபிஎஸ் விஷயத்தில் நம் பகுதிக்கென்று இயற்கையின் தொல்லை ஒன்றும் உண்டு. காந்த நிலநடுக்கோடு திருநெல்வேலிப் பக்கமாகச் செல்வதால், நம் தலைக்கு மேலுள்ள அயனிமண்டலம் (வளிமண்டலத்தின் மேற்பகுதியில் உள்ள மின்னேற்றம் பெற்ற அடுக்கு), குறிப்பாகச் சூரியன் மறைந்த பின், செயற்கைக்கோள் சமிக்ஞைகளை அலைக்கழிக்கும். இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ககன் அமைப்பு, ஜிபிஎஸ் பிழைகளைத் தரை நிலையங்களில் அளந்து ஜிசாட் செயற்கைக்கோள்கள் வழியாகத் திருத்தம் அனுப்புகிறது. அதற்கென்று நம் அட்சரேகைக்குப் பொருந்தும் அயனிமண்டல மாதிரியைத் தனியாக உருவாக்க வேண்டியிருந்தது. 2015-இல் தரையிறங்கும் பயன்பாட்டுக்கும் அதற்குச் சான்று கிடைத்தது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ஒன்று இதைக் கொண்டு இறங்கிக் காட்டியது.

கேள்வி (தேவிபட்டினம்): என் மகள் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். கணினியே எல்லாம் செய்யும் காலத்தில் இந்த வேலைக்கு அவளை அனுப்பலாமா?

பதில்: தாராளமாக அனுப்புங்கள். இயற்பியலும் கணிதமும் படித்த பட்டதாரிகளும் பொறியாளர்களும் விமான நிலைய ஆணையத்தின் தேர்வு எழுதலாம். இரண்டு விமானங்கள் நெருங்கினால் கணினி எச்சரிக்கும். புயல் மேகத்தைச் சுற்ற வேண்டும் என்று ஐந்து விமானிகள் ஒரே நேரத்தில் கேட்டால் யாருக்கு முதலில் அனுமதி என்பதை இன்னும் மனிதர்தான் முடிவு செய்கிறார்.

கேள்வி (இராமேஸ்வரம்): இங்கே விமான நிலையம் வரும் என்று 2025 மாநில பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதற்குக் கோபுரம் கட்டாமலேயே வேறு ஊரிலிருந்து நடத்த முடியுமாமே?

பதில்: முடியும். ஸ்வீடனில் ஒரு சிறு விமான நிலையத்தை 2015 முதல், கேமராக்களின் துணையோடு, வேறு நகரிலிருந்தே நடத்துகிறார்கள். ஒரு நாளைக்குச் சில விமானங்களே வரும் இடத்துக்கு அது பொருத்தம்தான். ஆனால் அதற்கு ஒன்றையொன்று சாராத இரண்டு தரவு வழிகள் வேண்டும். 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூவர்க் விமானங்களைக் கையாளும் அறையில் ஏறத்தாழ 90 விநாடிகள் திரையும் வானொலியும் ஒருசேரப் போனது, தகவல் வரும் தொலைத்தொடர்பு இணைப்பில் நேர்ந்த கோளாறால்தான். தீவுக்குள் வரும் கேபிள்கள் எல்லாம் பாம்பன் கால்வாயை ஒரே இடத்தில் கடக்குமானால், இரண்டு கேபிள் போட்டாலும் அது ஒன்றுதான். இரண்டாவது வழி செயற்கைக்கோளாகவோ நுண்ணலையாகவோ இருக்க வேண்டும். உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து தளம் இருப்பதாலும், கொழும்பின் வான் எல்லை அருகிலேயே தொடங்குவதாலும், அந்த இருவரோடும் நேரடித் தொலைபேசித் தொடர்பும் தேவைப்படும். உப்புக் காற்றில் கேமராக் கண்ணாடியைத் துடைக்கவும் ஆன்டெனா இணைப்புகளின் துருவைப் பார்க்கவும் உள்ளூரில் எப்போதும் ஒரு தொழில்நுட்பப் பணியாளர் இருக்க வேண்டும். திட்ட அறிக்கை வரும்போது அந்தப் பணியிடம் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.