அலுவலக மின்னஞ்சலில் பொதுப் படிவம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அவுட்லுக்கில் விடுப்பு விண்ணப்பத்துக்கு ஒரு படிவம் செய்தேன். என் கணினியில் சரியாகத் திறக்கிறது. நிரப்பி மேலாளருக்கு அனுப்பினால், அவருக்கு வெறும் சாதாரண மெயில்தான் தெரிகிறது. தேதி, காரணம் எதுவுமே இல்லை. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் இது சறுக்கும். முதலில், படிவத்தை எங்கே பப்ளிஷ் செய்தீர்கள், அதாவது பயன்பாட்டுக்காக எந்த லைப்ரரியில் சேர்த்தீர்கள் என்று பாருங்கள். ‘பெர்சனல் ஃபார்ம்ஸ் லைப்ரரி’யில் என்றால், அது உங்கள் மெயில்பாக்ஸில் மட்டுமே இருக்கிறது. மெயிலோடு படிவத்தின் வடிவம் போவதில்லை, ‘ஐ.பி.எம். நோட்’ என்று தொடங்கி, நீங்கள் வைத்த பெயரில் முடியும் ஓர் அடையாளம் மட்டுமே போகிறது. மேலாளரின் அவுட்லுக் அந்தப் பெயரைத் தனக்கு எட்டும் லைப்ரரிகளில் தேடும். கிடைக்காவிட்டால் வழக்கமான மெயில் சாளரத்தைத் திறந்துவிடும். நீங்கள் நிரப்பிய விவரங்கள் உள்ளே வந்து சேர்ந்திருக்கும். அவற்றைக் காட்டத்தான் கட்டங்கள் இல்லை. அதே படிவத்தை நிறுவனம் முழுவதற்கும் பொதுவான ‘ஆர்கனைசேஷனல் ஃபார்ம்ஸ் லைப்ரரி’யில் பப்ளிஷ் செய்தால், கணினியில் கிளாசிக் அவுட்லுக் பயன்படுத்தும் எல்லோருக்கும் திறக்கும்.

அப்படிச் செய்த பிறகும் வெறுமையாகத் தெரிந்தால், அடுத்த இடத்துக்கு வாருங்கள். மெயில் படிவத்தின் முதல் பக்கத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு: எழுதுபவர் பார்ப்பது ஒன்று, படிப்பவர் பார்ப்பது இன்னொன்று. புதிதாகச் செய்கிறவர்கள் எழுதும் பக்கத்தில் மட்டும் கட்டங்களை இழுத்து வைத்துவிட்டு முடித்துவிடுகிறார்கள். டிசைன் நிலையில் ‘எடிட் ரீட் பேஜ்’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். நீங்கள் வைத்த கட்டங்கள் எதுவும் அங்கே இருக்காது. எழுதும் பக்கத்தில் உள்ள கட்டங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, படிக்கும் பக்கத்தில் ஒட்டுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்தின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்து, ‘வேல்யூ’ பகுதியில் அதே ஃபீல்டோடு (விவரம் சேமிக்கப்படும் இடத்தோடு) இணைந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். படிக்கும் பக்கத்துக் கட்டங்களை ‘ரீட் ஒன்லி’ ஆக்கிவிடுவது நல்லது. மேலாளர் கை தவறித் தேதியை மாற்றிவிடும் அபாயம் இருக்காது.

‘செண்ட் ஃபார்ம் டெஃபினிஷன் வித் ஐட்டம்’ என்ற கட்டத்தை டிக் செய்தால் போதும் என்று சிலர் குறுக்குவழி சொல்வார்கள். வேண்டாம். மெயிலின் எடை கூடும், படிவத்தில் உள்ள ஸ்கிரிப்ட் (அதற்குள் எழுதிய சிறு நிரல்) ஓடாது, படிவத்தின் தனி அடையாளமும் போய்விடும்.

கேள்வி: பப்ளிஷ் செய்யும்போது ‘ஆர்கனைசேஷனல் ஃபார்ம்ஸ் லைப்ரரி’ பட்டியலிலேயே வரவில்லை. வேறொரு பிரிவில் உள்ளவருக்கு அது வருகிறது, ஆனால் அனுமதி இல்லை என்று மறுக்கிறது.

பதில்: அந்த லைப்ரரி, நிறுவனத்தின் மெயிலைக் கையாளும் எக்ஸ்சேஞ்ச் சர்வரின் பப்ளிக் ஃபோல்டர் (பலர் பகிரும் பொது ஃபோல்டர்) அமைப்புக்குள் மறைவாக இருக்கும் ஒரு ஃபோல்டர். உங்கள் நிறுவனம் அதன் இணையவழிச் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் இருந்தாலும், முதலில் ஒரு பப்ளிக் ஃபோல்டர் மெயில்பாக்ஸ் இருக்க வேண்டும். பிறகு ‘ஈஃபார்ம்ஸ் ரெஜிஸ்ட்ரி’ என்ற இடத்துக்குக் கீழே லைப்ரரியை அட்மின்தான் பவர்ஷெல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கருவி) கட்டளையால் உருவாக்க வேண்டும். அதோடு அந்த ஃபோல்டருக்கு மொழிக் குறியீடும் கொடுக்க வேண்டும். பலர் விட்டுவிடும் படி இதுதான். ஃபோல்டர் உருவாகியிருந்தும் யாருக்கும் தெரியவில்லை என்றால், இதை முதலில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அந்த மற்றவருக்கு ‘ஓனர்’ உரிமை இல்லை, அவ்வளவுதான். அதை ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் கொடுங்கள். படிவத்தைத் திறந்து நிரப்புகிற மற்ற எல்லோருக்கும் படிக்க மட்டும் விடும் ‘ரிவ்யூவர்’ போதும்.

கேள்வி: ஊழியர்கள் குறைகளைப் படிவத்தில் நிரப்பி ஒரு பொது ஃபோல்டரில் போட வேண்டும். ஆனால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கக் கூடாது. முடியுமா?

பதில்: முடியும். இதற்கென்றே இருப்பது ‘கான்ட்ரிபியூட்டர்’ உரிமை. போடலாம், உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது. உண்டியல் போல. ‘ஆதர்’ கொடுத்துவிட்டால் தன்னுடையதை மட்டுமல்ல, எல்லோருடையதையும் படிக்கலாம். குறை சொன்னவர் யார் என்பது பக்கத்து இருக்கைக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த முறை யாரும் எழுத மாட்டார்கள். ஆகவே இதில் அசட்டையாக இருக்காதீர்கள்.

ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸ், பெர்மிஷன்ஸ் பகுதியில் ‘டீஃபால்ட்’ என்ற வரியைக் கட்டாயம் பாருங்கள். பெயர் குறிப்பிடாத எல்லா ஊழியருக்கும் பொருந்துவது அது. அதை ‘கான்ட்ரிபியூட்டர்’ ஆக்குங்கள். குறைகளைப் பரிசீலிப்பவர்களைத் தனித்தனியே சேர்த்து, படிக்க மட்டும் என்றால் ‘ரிவ்யூவர்’, திருத்தவும் நீக்கவும் வேண்டும் என்றால் ‘எடிட்டர்’ கொடுங்கள். பெயரிட்டுக் கொடுத்த உரிமை டீஃபால்ட்டை மீறி நிற்கும். ‘அனானிமஸ்’ வரி ‘நன்’ ஆகவே இருக்கட்டும். நிறுவனத்துக்கு வெளியிலிருந்து ஃபோல்டருக்கு மெயில் வர வேண்டிய தேவை இருந்தால் மட்டும் அதை ‘கான்ட்ரிபியூட்டர்’ ஆக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. துணை ஃபோல்டர் உருவாகும்போது மேல் ஃபோல்டரின் அப்போதைய உரிமைகளை எடுத்துக்கொள்ளும். பின்னால் மேலே நீங்கள் மாற்றுவது தானாகக் கீழே இறங்காது. ஆண்டு வாரியாகத் துணை ஃபோல்டர்கள் வைத்திருந்தால், ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிடுங்கள்.

அதே ப்ராப்பர்ட்டீஸில் ‘ஃபார்ம்ஸ்’ பகுதி ஒன்று இருக்கும். ‘ஒன்லி ஃபார்ம்ஸ் லிஸ்டட் அபவ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் படிவத்தைத் தவிர வேறு எதையும் அந்த ஃபோல்டரில் போட முடியாது.

கேள்வி: பொது மெயில்பாக்ஸ் ஒன்றுக்கு மூவருக்கு ‘ஃபுல் ஆக்சஸ்’ கொடுத்தோம். திறந்து படிக்க முடிகிறது, அனுப்ப முடியவில்லை.

பதில்: பெயர்தான் ‘ஃபுல்’. அதில் அனுப்பும் உரிமை அடங்காது. அனுப்புவதற்கு ‘செண்ட் ஆஸ்’ அல்லது ‘செண்ட் ஆன் பிஹாஃப்’ தனியே கொடுக்க வேண்டும். முன்னதில் மெயில்பாக்ஸின் பெயர் மட்டும் தெரியும். பின்னதில் யார் யாருக்காக அனுப்பினார் என்றும் தெரியும். ஒருவருக்கு இரண்டும் இருந்தால் ‘செண்ட் ஆஸ்’தான் வேலை செய்யும். உரிமை கொடுத்த உடனே செயல்படாவிட்டால் பதற வேண்டாம். 60 நிமிடம் வரை ஆகலாம். ஃபுல் ஆக்சஸை ஒரு குழுவுக்குக் கொடுத்தால், மெயில்பாக்ஸ் தானாக அவுட்லுக்கில் வந்து உட்காராது. ஒவ்வொருவரும் கையால் சேர்க்க வேண்டும்.

அனுப்பிய மெயில்கள் அனுப்பியவரின் சொந்த ‘செண்ட்’ ஃபோல்டரில் போய் ஒளிந்துகொள்வதும் இங்கே அடிக்கடி வரும் தொல்லை. ஒரே வாடிக்கையாளருக்கு இருவர் பதில் எழுதுவது இதனால்தான். அட்மின் சென்டரில் அந்த மெயில்பாக்ஸின் ‘செண்ட் ஐட்டம்ஸ்’ அமைப்பில், பொதுப் பெட்டியிலும் ஒரு பிரதி வைக்கச் சொல்லும் இரண்டு விருப்பங்கள் இருக்கின்றன. இரண்டையும் இயக்கிவிடுங்கள். அந்தப் பெட்டிக்குரிய பயனர் கணக்கில் நேரடியாக லாகின் செய்வதைத் தடுத்து வைப்பதும் அவசியம். பாஸ்வேர்டைப் பகிர்ந்து பயன்படுத்தினால் யார் அழித்தார் என்று ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: படிவத்தைத் திருத்தினோம். பாதிப் பேருக்குப் பழையதே திறக்கிறது.

பதில்: அவரவர் கணினியில் சேமித்த பழைய பிரதி அது. ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, ‘கஸ்டம் ஃபார்ம்ஸ்’, ‘மேனேஜ் ஃபார்ம்ஸ்’ என்று போய் ‘கிளியர் கேஷ்’ அழுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ‘வெர்ஷன்’ எண்ணைக் கூட்டுங்கள். படிவத்தின் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். பழைய பெயரில் வந்த மெயில்கள் அந்தப் பெயரைத்தான் தேடும்.

கேள்வி: தேதி நிரப்பாமல் அனுப்பினால் தடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதியிருந்தோம். அது இப்போது ஓடுவதில்லை.

பதில்: 2017 செப்டம்பர் பாதுகாப்பு அப்டேட்டிலிருந்து படிவ ஸ்கிரிப்டுகள் இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கின்றன. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் மாற்றித் திரும்பக் கொண்டுவர முடியும். ஆனால் ஒவ்வொரு கணினியிலும் செய்ய வேண்டும், தடுப்பு வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. உங்கள் தேவைக்கு ஸ்கிரிப்ட் வேண்டியதே இல்லை. தேதிக் கட்டத்தின் ப்ராப்பர்ட்டீஸில் ‘வேலிடேஷன்’ பகுதிக்குப் போய், மதிப்பு கட்டாயம் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். நிரப்பாமல் அனுப்ப விடாது. முடியும் தேதி தொடங்கும் தேதிக்கு முந்தியதாக இருக்கக் கூடாது என்பது போன்ற விதியையும், அங்கேயே ஒரு ஃபார்முலாவாகவும் அதற்கான எச்சரிக்கை வாசகமாகவும் எழுதிவிடலாம்.

கேள்வி: கைபேசியில் இந்தப் படிவம் திறக்குமா?

பதில்: திறக்காது. பிரவுசரில் பார்த்தாலும் சாதாரண மெயிலாகத்தான் தெரியும். புதிய அவுட்லுக்கிலும் இதை நம்பி இறங்க வேண்டாம். ஊழியர்களில் பலர் கைபேசியிலிருந்து நிரப்புவார்கள் என்றால், இணையத்தில் படிவம் செய்யும் மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸில் செய்யுங்கள். அதையும் ஒரு தனிநபரின் கணக்கில் விடாமல், குழுவின் பெயருக்கு மாற்றி வையுங்கள். செய்தவர் வேலையை விட்டுப் போனாலும் படிவமும் வந்த பதில்களும் குழுவிடமே இருக்கும்.