டெக்சாஸ் போனால் மிச்சமாகுமா?

கேள்வி: கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். மனைவிக்கும் வேலை உண்டு. இருவர் சம்பளமும் சேர்ந்து ஆண்டுக்கு 2 லட்சம் டாலர். எனக்குக் கம்பெனி ஸ்டாக் தனியாக வரும். இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு 3,400 டாலர் வாடகை. டாலஸ் கிளைக்கு மாற்றல் தருகிறார்கள். அங்கே இதே அளவு வீடு 2,000க்குக் கிடைக்குமாம். மனைவி எங்கிருந்தும் வேலை செய்யலாம். "மாநில வருமான வரியே கிடையாது, அந்தக் காசில் டாலஸுக்கு வடக்கே செலினாவில் 6 லட்சத்துக்குப் புது வீடு வாங்கிவிடலாம்" என்று ஒரு ரியல்டர் கணக்குப் போட்டுத் தந்திருக்கிறார். அந்தத் தாளை இணைத்திருக்கிறேன். நம்பலாமா?

பதில்: டெக்சாஸ் போகலாம். அந்தத் தாளை நம்பி வீடு மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

உங்கள் சம்பளத்துக்குக் கலிபோர்னியா வருமான வரி சுமார் 10,000 டாலர். எஸ்.டி.ஐ. என்ற மாநில உடல்நலக் குறைவுக் காப்பீட்டுப் பிடித்தம் இன்னொரு 2,000க்கு மேல். ஆக 12,000 சொச்சம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் டெக்சாஸ் வருமானத்தில் விட்டதை வீட்டில் பிடித்துவிடும். ரியல்டர் அந்தப் பாதியைச் சொல்லவில்லை.

தாளில் சொத்து வரி மாதம் 220 டாலர் என்று இருக்கிறது. அந்த எண் எப்படி வந்தது தெரியுமா? டெக்சாஸில் ஜனவரி 1 அன்று இடம் எப்படி இருந்ததோ அதற்குத்தான் அந்த ஆண்டு வரி. அன்று அங்கே வீடு இல்லை, காலி மனைதான். 1,20,000 டாலர் மனைக்கு 2.2 சதவீதம் போட்டால் ஆண்டுக்கு 2,640, மாதத்துக்கு 220. அடுத்த ஜனவரியில் முழு வீடு நிற்கும். 6 லட்சத்துக்கு அதே விகிதம் 13,200 டாலர். குடியிருக்கும் வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் கழிவு, சொத்து வரியில் பள்ளிகளுக்குப் போகும் பங்கில் 1,40,000 டாலர் மதிப்பு வரை உண்டு. அதைக் கழித்தாலும் 11,500 பக்கம் நிற்கும். வருமான வரியில் மிச்சப்படுத்தியது அப்படியே போயிற்று.

இதைவிட மோசம் எஸ்க்ரோ, அதாவது சொத்து வரிக்காகக் கடன் தவணையோடு வங்கி மாதாமாதம் பிடித்து வைக்கும் பணம். வங்கி மாதம் 220 என்றே வசூலித்துக்கொண்டிருக்கும். ஆண்டுக் கடைசியில் 11,500க்குப் பில் வந்ததும் பற்றாக்குறை கிட்டத்தட்ட 9,000. அதை 12 மாதத்தில் பிரித்து, புது வரியோடு சேர்த்து மாதம் 1,700 கேட்பார்கள். கடன் தவணை வேறு. பில்டருக்குத் தெரியும், கடன் தரும் வங்கிக்குத் தெரியும், வரி அலுவலகத்துக்கும் தெரியும். வாங்குகிறவருக்கு முதல் நாளே முழு வரியைச் சொல்ல வேண்டும் என்று இத்தனை பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றுவதில்லை. ஆண்டுதோறும் எத்தனை இளம் குடும்பங்கள் இதில் மாட்டுகின்றன!

புதுக் காலனிகளில் இன்னொன்று: தண்ணீர், சாக்கடை, சாலை போட்ட கடனை அடைக்க எம்.யு.டி. (நகராட்சிப் பயன்பாட்டு மாவட்டம்), பி.ஐ.டி. (பொது மேம்பாட்டு மாவட்டம்) என்று தனி வசூல் இருக்கும். "எல்லாம் சேர்த்து, வீடு முடிந்த பிறகு, ஆண்டு வரி எவ்வளவு?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்வது எதற்கும் ஆகாது. பில்டர் சொல்லும் கடன் நிறுவனத்திடமே போனால் சலுகை என்பார்கள். வெளியே இரண்டு இடத்தில் வட்டி விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

பிறகு எப்போது வாங்கினாலும் சரி, வீட்டுக்கு வந்த கையோடு "ஹோம்ஸ்டெட் பதிவு செய்து தருகிறோம்" என்று கட்டணம் கேட்டு அரசாங்கக் கடிதம் போலவே ஒன்று வரும். கிழித்துப் போடுங்கள். அந்த விண்ணப்பம் இலவசம், கவுன்டி மதிப்பீட்டு அலுவலகத்தில் நீங்களே கொடுக்கலாம். ஆலங்கட்டி மழை பெய்த மறுநாள் கதவைத் தட்டி, "டிடக்டிபிளை (இன்சூரன்ஸில் உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கை) நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், கூரையை மாற்றலாம்" என்பவரையும் உள்ளே விடாதீர்கள். 2019 முதல் டெக்சாஸில் அது சட்ட விரோதம்.

அப்படியானால் மிச்சம் எங்கே? வாடகையில். மாதம் 1,400 குறைந்தால் ஆண்டுக்கு 16,800. வருமான வரி மிச்சமும் கையிலேயே நிற்கும். இரண்டாவது கார், டோல், கோடை ஏ.சி. என்று கொஞ்சம் திரும்பப் போகும். கரண்ட் பிளான் எடுக்கும்போது 1,000 யூனிட் தாண்டினால்தான் சலுகை என்ற வகையைத் தவிருங்கள். 990இல் நின்றால் சலுகை கிடையாது. ஓர் ஆண்டாவது வாடகைக்கு இருந்து ஒரு கோடையையும் ஓர் ஆலங்கட்டிப் பருவத்தையும் பாருங்கள். பள்ளிகளுக்குக் குறை இல்லை. பிள்ளைகளுக்குள் போட்டி ஃப்ரீமாண்டுக்குச் சளைத்ததல்ல.

உங்கள் ஸ்டாக் பற்றி ரியல்டர் மூச்சே விடவில்லை. அது ஆர்.எஸ்.யூ., அதாவது இன்று ஒதுக்கிவிட்டுச் சில ஆண்டு வேலை பார்த்த பிறகே கைக்குத் தரும் பங்கு என்றால், ஒதுக்கிய நாளிலிருந்து வெஸ்ட் ஆகும் (உங்களுக்குச் சொந்தமாகும்) நாள்வரை எங்கே உட்கார்ந்து வேலை பார்த்தீர்கள் என்பதுதான் கணக்கு. நான்கு ஆண்டு கழித்து வெஸ்ட் ஆகும் 40,000 டாலர் ஸ்டாக், அதில் மூன்று ஆண்டு கலிபோர்னியாவில் வேலை என்றால், 30,000 டாலர் கலிபோர்னியா வருமானம். டாலஸில் வீடு, டெக்சாஸ் லைசென்ஸ் எல்லாம் இருந்தாலும் அப்படித்தான். அதற்கு வெளி மாநிலத்தில் வசிப்பவர்களுக்கான 540என்ஆர் படிவத்தில் அங்கே வரி கட்டியாக வேண்டும். ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் தேதி வேறு, விகிதம் வேறு. போன பிறகு ஒதுக்கியது முழுவதும் டெக்சாஸ் வேலைக்கானது, அதற்குக் கலிபோர்னியா வரி இல்லை. பே-ரோல் பிடித்தம் இதோடு ஒத்துப்போகும் என்று நம்பாதீர்கள். ஒதுக்கீட்டுத் தேதி, வெஸ்ட் தேதி, இடம் மாறிய தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி வரிக் கணக்கரிடம் கொடுங்கள்.

விசா விஷயம் கம்பெனி வக்கீல் வேலை. ஒரே கம்பெனி, ஒரே வேலை, மேசை மட்டும்தான் மாறுகிறது. அதற்கும் முழு மனுவைத் திருத்திப் போட வைக்கிறார்கள். எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் டாலஸில் வேலை தொடங்குமுன் அந்த மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஊருக்கு ஏற்பச் சம்பளத்தைக் குறைக்கும் கம்பெனிகளும் உண்டு. மனுவின் ரசீதும், சம்பளம் குறையாது என்ற கடிதமும் கைக்கு வந்த பிறகே ஃப்ரீமாண்ட் வீட்டைக் காலி செய்ய நோட்டீஸ் கொடுங்கள்.