மின்கிட்டாரில் கமகம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பள்ளி நாட்களில் வீணை கற்றேன். இப்போது மின்கிட்டார் வாங்க ஆசை. அது வெறும் இரைச்சல் என்கிறார் அப்பா. அதில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது, வராது என்கிறார் வீணை ஆசிரியை. முதலில் சாதாரண கிட்டாரில் பழக வேண்டுமா? என்ன விலையில் வாங்கலாம்? வேலூரில் இதற்கெல்லாம் வழியே இல்லை, சென்னைக்குத்தான் போகவேண்டுமா?

ஒரு கல்லூரி மாணவன், காட்பாடி

அன்புள்ள தம்பி,

கமகத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. விலையைக் கடைக்காரரிடம் கேளுங்கள். சாதாரண கிட்டாரில் தொடங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. அப்பாவிடம் சண்டை வேண்டாம். ஹெட்போன் போட்டு வாசியுங்கள்.

ஆனால் "வேலூரில் வழியே இல்லை" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? கிட்டாரில் கர்னாடக இசை வாசிக்கும் பிரசன்னா பிறந்தது ராணிப்பேட்டையில். உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரம். பக்கத்து ஊர்க்காரரின் வாசிப்பை முதலில் கேட்டுவிட்டு அல்லவா கமகம் வருமா வராதா என்று கவலைப்பட வேண்டும்!

1930களில் நடன அரங்குகளில் ஊதுகருவிகளுக்கும் டிரம்முக்கும் நடுவே கிட்டார் காதிலேயே விழவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் ஜார்ஜ் பீச்சமும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் சேர்ந்து 1932இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்கிட்டார் எப்படிப்பட்டது தெரியுமா? அலுமினிய வார்ப்பு. மடியில் கிடத்தி, கம்பியின் மேல் எஃகுத் துண்டை வழுக்கிக்கொண்டே வாசிப்பது. மெட்டில்லாத வீணை போன்ற நம் கோட்டுவாத்தியத்தை வாசிக்கும் முறை அது! ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்லும் ஜாரு என்ற கமகத்துக்காகவே பிறந்த கருவியைப் பார்த்துக் கமகம் வராது என்றால் எனக்குக் கோபம் வராதா?

உங்கள் வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்தில் ஒரு ரேடியோ மெக்கானிக் இருந்தார். மெல்லிசைக் குழுக்காரர்களின் கிட்டார் ஊமையானால் அவரிடம்தான் வரும். ஒருமுறை, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பைக் கழற்றிக் காட்டினார். ஆறு காந்தக் குச்சிகள். அவற்றைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. அறுந்த முனையின் பூச்சை பிளேடால் சுரண்டி, ஈயம் வைத்து, ஆம்ப்ளிஃபயரில் செருகி, ஸ்க்ரூடிரைவர் நுனியால் காந்தத்தைத் தொட்டார். 'டொக்' என்றது. "இதற்கு இரும்பு அசைவதுதான் கேட்கும். நைலான் கம்பி போட்டால் ஒன்றும் கேட்காது" என்றார்.

மின்கிட்டாரின் வரலாறே அவரைப் போன்றவர்களுடையது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஒலிபெருக்கியின் சத்தம் உள்கூடான கிட்டாரை அதிரவைத்து ஊளையிடச் செய்தது. அவர் கெட்டியான மரப்பலகையிலேயே கம்பி பூட்டினார். 1950இல் விற்பனைக்கு வந்தது அது. 1954இல் அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார். வாசித்தவர்களின் பெயர்களை மனப்பாடம் செய்கிறோம், ஈயம் வைத்தவர்களை மறந்துவிடுகிறோம்.

கெட்டி மரத்தில் கமகத்துக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். சாதாரண கிட்டாரில் கம்பியின் வலு பெட்டியை அதிரவைப்பதிலேயே தீர்ந்து, ஸ்வரம் சீக்கிரம் அடங்கிவிடும். இதில் நின்று ஒலிக்கும். நின்றால்தானே அசைக்க முடியும்? மாண்டலின் ஸ்ரீனிவாஸ் கையில் எடுத்தது மின்மாண்டலின் என்பதை ஆசிரியையிடம் சொல்லுங்கள். வீணையில் குறுக்கே பதித்த மெட்டின் மேல் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுருதியை ஏற்றுகிறீர்கள். மெல்லிய கம்பி பூட்டிய மின்கிட்டாரிலும் அதே இழுப்புதான். வீணையளவுக்கு இழுபடாது என்று அவர் சொன்னால் அது நியாயம். வராது என்பது நியாயமல்ல.

வீணை பழகிய விரலுக்கு இழுப்பைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, தம்பி. தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை வீணையில் வாசித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதே அசைவை மின்கிட்டாரின் ஒற்றைக் கம்பியில் தேடுங்கள். கிடைத்ததும் ஆசிரியைக்கு வாசித்துக் காட்டிவிட்டு, அவர் சொல்லும் குறைகளை ஒன்றுவிடாமல் எனக்கு எழுதுங்கள்.