நாதஸ்வரமும் கல்யாண மேடைப் பாட்டும் ஒரே ஆய்வில் அடங்குமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஓர் ஆசிரியை கேட்கிறார்: பினாங்குக் கோயில் நாதஸ்வர வித்துவான்களையும் 1970களின் கல்யாண மேடை இசைக்குழுக்களையும் சேர்த்து முதுகலை ஆய்வு செய்ய ஆசை. மேல்நாட்டு இசைக்குறியீடு படிக்கத் தெரியாது. இரண்டில் ஒன்றை விட்டுவிடச் சொல்கிறார் ஒரு முகவர். ஆய்வு முன்மொழிவு எழுதி இடமும் வாங்கித் தர 3,500 வெள்ளி கேட்கிறார். என்ன செய்யலாம்?

முதலில் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள், அம்மா. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகமும் பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகமும் விண்ணப்பத்தை இணையத்தில் நேராகவே வாங்குகின்றன. நடுவில் ஒருவருக்கும் வேலை இல்லை. முன்மொழிவை வேறொருவர் எழுதினால், நேர்காணலில் "ஏன் 1970கள்?" என்ற முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். முகவர் தனியார் கல்லூரிப் பெயர் ஏதும் சொன்னால், அந்தப் படிப்பு எம்கியூஏ (படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் மலேசிய அரசு நிறுவனம்) பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்கக் காசு கிடையாது. சேமிப்பை இப்படி இழந்தவர்களை நான் அறிவேன், வயிறு எரிகிறது.

இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். சாஸ்திரிய இசை வேறு, சினிமாப் பாட்டு வேறு என்பது நாம் பின்னால் எழுப்பிய சுவர். சென்னை மியூசிக் அகாடமி வந்ததே 1928இல்தான். அதற்கு முன்பிருந்தே, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் இசைத்தட்டுகளில் கீர்த்தனையும் வந்தது, நாடகப் பாட்டும் வந்தது. ஜார்ஜ்டவுனில் ஒரு மூத்த வித்துவான் வீட்டில், வாசிக்க முன்பணம் வாங்கியதைக் குறித்துவைக்கும் அவருடைய அட்வான்ஸ் நோட்டைப் பார்த்தேன். நீல மையில் ஒரே பக்கத்தில் "காலை – புறப்பாடு, மல்லாரி" (சாமி ஊர்வலத்தில் நாதஸ்வரத்தில் வாசிப்பது), அதன் கீழே "இரவு – வரவேற்பு, சினிமா 6". ஒரே மனிதர், ஒரே நாள். அவரை எந்தத் துறையில் பாதியாக வெட்டி வைப்பது?

இசைக்குறியீடு பற்றிய பயம் வேண்டாம். வரலாற்று ஆய்வுக்கு அழைப்பிதழ், கோயில் கணக்கு, பழைய நாளிதழ், நேர்காணல் இவைதான் மூலம். ஒரே ஒரு விலக்கு. வாசிப்பே எப்படி மாறியது என்று சொல்லப் போகிறீர்கள் என்றால், அந்த வாசிப்பைக் குறியீட்டில் எழுதிக் காட்டத் தெரிய வேண்டும். "முன்பு தோடி ராகத்தை இழைத்து வாசித்தார்கள், இப்போது இல்லை" என்று ஒரு வரி எழுதினாலும் பரிசோதகர் விடமாட்டார். அதற்கும் மேல்நாட்டுக் குறியீடுதான் வேண்டும் என்பதில்லை, ஸ்வரம் போட்டு எழுதினாலும் வாதாடலாம். ஆனால் போடத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த வரியையே எழுதாதீர்கள். யார் வாசித்தார், எங்கே, எவ்வளவு கூலி, யார் அழைத்தார் என்பதோடு நில்லுங்கள்.

மேற்பார்வையாளரைத் தேடுவதுதான் பெரும்பாடு. என்னை ஒரு பல்கலைக்கழகத்தில் இசைத்துறை தமிழ்த்துறைக்கு அனுப்பியது, தமிழ்த்துறை திருப்பி அனுப்பியது. ஏழு மாதம் வீணானது. நீங்கள் இரு துறையிலும் ஒவ்வொருவருக்கு ஒரே நாளில் எழுதி, இணைந்து மேற்பார்ப்பார்களா என்று கேளுங்கள். ஒரு பக்கம் போதும்: எந்த ஊர், எந்த ஆண்டுகள், எத்தனை பேர்.

வித்துவான்களின் நேர்காணலைப் பதிவு செய்யுமுன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக்குழு அனுமதி வேண்டும். அவசியமான விதிதான், ஆனால் 80 வயது வித்துவானுக்காகப் படிவம் வேகமாக நகராது. அதுவரை அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள். அட்வான்ஸ் நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடவேண்டாம் என்று அவர் மருமகளிடம் சொல்லுங்கள். கேசட்டுகளைச் சமையலறை அலமாரியிலிருந்து எடுத்து, ஈரம் படாத பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.