ஆப்பில் காசு பார்ப்பது எப்படி? டெல்டா வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

நெல் ரகத்தையும் நடவுத் தேதியையும் கொடுத்தால் உரம் போடும் நாள், அறுவடை நாள் எல்லாம் காட்டும் ஆப் செய்திருக்கிறேன். தினமும் 500 பேர் திறக்கிறார்கள். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்மாப் மூலம் பேனர் (திரையோரப் பட்டை) விளம்பரம் வைத்து ஐந்து மாதம் ஆகிறது, ஒரு ரூபாய்கூடக் கைக்கு வரவில்லை. எங்கே தவறு?
– வாசகர், மன்னார்குடி

தவறு இல்லை, கணக்கு அப்படி. ஒருவர் ஒரு நாளில் நான்கு பேனர் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 500 பேருக்கு 2000 காட்சிகள். ஆயிரம் காட்சிக்குக் கிடைக்கும் தொகையைத்தான் ஈசிபிஎம் என்கிறார்கள். அது 20 ரூபாய் என்றால் நாளுக்கு 40 ரூபாய், மாதத்துக்கு 1200. பணம் அனுப்பப்பட வேண்டுமானால் கணக்கில் 100 டாலர் சேர வேண்டும். டாலரை 85 ரூபாய் என்று வைத்தால் 8500 ரூபாய், அதாவது ஏழு மாதம். உங்கள் ஈசிபிஎம் என்ன என்பது ஆட்மாப் அறிக்கையிலேயே இருக்கும். அந்த எண்ணைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

இதில் டெல்டாவுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவைக்காக ஆப்பைத் திறப்பார்கள். சம்பா, தாளடி அறுவடை முடியும்வரை கூட்டம் இருக்கும். அதற்குப் பிறகு கோடையில் வயலும் ஆப்பும் சேர்ந்தே காயும். ஆகவே நல்ல மாதத்தின் வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டு வருமானம் என்று நம்பிவிட வேண்டாம். கோடைக்கு உளுந்து, பயறு, எள் சாகுபடி அட்டவணையைச் சேர்த்தால் ஆப் அடியோடு தூங்காது.

பணம் வரும் வழியையும் இப்போதே சரி செய்யுங்கள். வருமானம் 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண் சாதாரணத் தபாலில் வரும். இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். நான்கு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரமே நின்றுவிடும். ஊர்ப்பெயரோடு நிறுத்தாமல் கதவு எண், தெரு, அஞ்சல், அஞ்சல் குறியீடு என்று தபால்காரருக்குப் புரிகிற வரிசையில் முகவரியைக் கொடுங்கள். பெயரை வங்கிப் பாஸ்புக்கில் இருப்பதுபோலவே எழுதுங்கள். அங்கே இனிஷியல் பின்னால் இருந்தால் இங்கேயும் பின்னால்தான். வெளிநாட்டுப் பணம் வந்து சேர வங்கிக்கு ஸ்விஃப்ட் குறியீடு வேண்டும், நம் ஊர்க் கிளைகள் பலவற்றுக்கு அது கிடையாது. அந்நியச் செலாவணி பார்க்கும் பெரிய கிளையின் குறியீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் 100 டாலர் சேர்ந்த மாதத்துக்கு அடுத்த மாதம் 21-லிருந்து 26-ஆம் தேதிக்குள் பணம் கிளம்பும்.

விளம்பரம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். வரப்பில் நிற்கிறவர் ஒரு கையில் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் ஈரக் கட்டைவிரலால்தான் உங்கள் ஆப்பைத் தொடுகிறார். ‘அடுத்து’ பொத்தானுக்கு ஒட்டினாற்போல பேனர் இருந்தால் விரல் அதில்தான் படும். கிளிக் ஏறுகிறதே என்று மகிழ வேண்டாம். தவறுதலான கிளிக்குகளைக் கண்டுபிடித்துக் கழித்துவிடுவார்கள், அதிகமானால் விளம்பரத்தையும் கட்டுப்படுத்துவார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலமாவது விடுங்கள். பேனர் மாறும் இடைவெளியை 60 விநாடியாக வையுங்கள். முழுத்திரை விளம்பரம் ஆப்பைத் திறந்தவுடன் வரக்கூடாது. உர அட்டவணையைப் பார்த்து முடித்துத் திரும்பும் இடம்தான் அதற்குப் பொருத்தம்.

அறுவடை இயந்திரத்தை வாடகைக்குப் பதிவு செய்ய ஆப் தயாராகிறது. ஒரு பதிவுக்கு 100 ரூபாய் கட்டணம் வாங்கலாம் என்று இருக்கிறேன். அதில் கூகுளுக்கு 15 சதவீதம் கொடுக்க வேண்டுமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

வேண்டாம். ஆப்புக்குள்ளேயே அனுபவிக்கும் பொருளுக்குத்தான், அதாவது கூடுதல் வசதி, ஒலிக்கோப்பு, விளம்பரம் இல்லாத பதிப்பு போன்றவற்றுக்குத்தான் பிளே ஸ்டோரின் பில்லிங் (கூகுள் வழியாகப் பணம் வாங்கி, அதில் பங்கு கொடுக்கும் முறை). வயலில் வந்து அறுக்கும் இயந்திரம் வெளியுலகச் சேவை. அதற்கு பிளே பில்லிங்கைப் பயன்படுத்தவே கூடாது. யூபிஐ அல்லது ஏதாவதொரு பேமென்ட் கேட்வே (இணையத்தில் பணம் வசூலித்துத் தரும் சேவை) வழியாக வாங்குங்கள். கேட்வேக்கு பான் அட்டை, வங்கிக் கணக்கு, இணையதளம், அதில் தனியுரிமைக் கொள்கையும் பணம் திருப்பித் தரும் விதிகளும் கேட்பார்கள். பணம் கட்டியாயிற்று என்பதை உங்கள் சர்வர் கேட்வேயிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும். வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி வண்டியை அனுப்பாதீர்கள், போலி ஸ்கிரீன்ஷாட் செய்வது மிகச் சுலபம்.

ஆனால் ‘பதிவுக்கு 100 ரூபாய்’ என்ற முறையே நிலைக்காது என்பது எங்கள் கருத்து. முதல் அறுவடையிலேயே விவசாயியும் வண்டிக்காரரும் போன் நம்பரை மாற்றிக்கொள்வார்கள், இரண்டாவது தடவை உங்கள் ஆப் எதற்கு? விவசாயிக்கு இலவசமாகவே இருக்கட்டும். வண்டி உரிமையாளரிடம் பருவத்துக்கு ஒரு தொகை வாங்குங்கள். அவருக்கு நஷ்டம் வருவது ஒரு ஊரில் இரண்டு மா (மூன்று மா ஓர் ஏக்கர்) அறுத்துவிட்டு, எட்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மூன்று மா அறுக்க லாரியில் ஏறும்போதுதான். ஒரே வாய்க்கால் பாசனத்தில் ஒரே வாரம் முற்றும் வயல்களைச் சேர்த்து வரிசைப்படுத்திக் கொடுங்கள். ஓடிய மணிக்கணக்கைப் பதிந்து இரு தரப்புக்கும் ரசீது கொடுங்கள். அதற்குப் பணம் தருவார், நம்பர் கையில் இருந்தாலும் ஆப்பை விடமாட்டார்.

பதிவுப் படிவத்தில் மூன்று விஷயம் கட்டாயம்: பரப்பு மா கணக்கிலா ஏக்கர் கணக்கிலா, வயலில் ஈரம் இருக்கிறதா, வண்டி இறங்கப் பாதை உண்டா. ஈர வயலுக்குப் பெல்ட் வண்டிதான் போகும். டயர் வண்டியை அனுப்பினால் சேற்றில் புதைந்து, அன்றைய பதிவுகள் எல்லாம் குலைந்துவிடும். மழையால் தள்ளிப்போனால் முன்பணம் என்ன ஆகும் என்பதை முதலிலேயே எழுதி வையுங்கள். பணத்தைத் திருப்பினாலும் கேட்வே தன் கட்டணத்தைப் பெரும்பாலும் திருப்பாது. முழு வாடகையும் உங்கள் கணக்கு வழியாகப் போக வேண்டாம், நேராக வண்டிக்காரருக்கே போகட்டும். இல்லையென்றால் ஜிஎஸ்டி, டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே வரி பிடிப்பது) பொறுப்புகள் உங்கள் தலையில் வந்து விழலாம். ஆடிட்டரைப் பார்க்காமல் அந்த வழியில் இறங்காதீர்கள்.

நவக்கிரகக் கோயில்களுக்கு வழிகாட்டி ஆப், தமிழில் ஒலி விளக்கத்தோடு. மாதச் சந்தா வைப்பதா, ஆப்பையே விலைக்கு விற்பதா?
– வாசகி, கும்பகோணம்

இரண்டும் வேண்டாம். சூரியனார் கோயிலில் தொடங்கி கீழப்பெரும்பள்ளம்வரை சுற்றுகிறவருக்கு உங்கள் ஆப் இரண்டு நாள் தேவை, அவர் எதற்குச் சந்தா கட்டப் போகிறார்? ஆப் இலவசம். நடை திறக்கும், சாத்தும் நேரமும் வழியும் எல்லோருக்கும் கிடைக்கட்டும். ஒன்பது கோயிலின் ஒலி விளக்கத்தை நெட் இல்லாமல் கேட்கும்படி இறக்கிக்கொள்ள ஒரே தடவை 99 ரூபாய். ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டாதவரை பிளே ஸ்டோர் பில்லிங்கில் 15 சதவீதம் போகும், 84 ரூபாய் 15 காசு நிற்கும். வரி தனி.

கவனம்: பிளே ஸ்டோரில் இலவசமாக வெளியிட்ட ஆப்பைப் பின்னால் விலை ஆப்பாக மாற்றவே முடியாது. இன்னொன்று, பணம் கட்டியவரின் கொள்முதலை உங்கள் நிரல் மூன்று நாளுக்குள் ‘ஏற்றேன்’ என்று கூகுளுக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த ஒரு வரி விட்டுப்போனால் பணம் தானாகவே திரும்பிவிடும். பணம் வந்ததே, எங்கே போயிற்று என்று திகைக்கிற பலருக்கும் காரணம் இதுதான். போனை மாற்றியவருக்குப் பழைய கொள்முதல் திரும்பக் கிடைக்கும் பொத்தானும் வையுங்கள்.

தங்கும் விடுதி, மெஸ், வாடகைக் கார் வைத்திருப்பவர்களிடம் மாத வாடகைக்கு இடம் கொடுப்பது பேனரைவிட நல்ல வருமானம். ‘விளம்பரம்’ என்று தெளிவாகப் போடுங்கள். கோயில் நிர்வாகத்தின் அதிகாரபூர்வ ஆப் என்று தோன்றும்படி பெயரோ சின்னமோ வைத்தால் ஆப்பை நீக்கிவிடுவார்கள். 2028 மகாமகத்தைக் குறிவைப்பதானால் இப்போதே தொடங்குங்கள். பிளே ஸ்டோரில் ஆப் வெளியிடும் தனிநபர் கணக்குக்கு 25 டாலர் ஒரு தடவை கட்ட வேண்டும். புதிய தனிநபர் கணக்கு என்றால் குறைந்தது 12 பேர், தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகுதான் ஆப்பை வெளியிட விண்ணப்பிக்கலாம். நடுவில் ஆட்கள் விலகி 12-க்குக் கீழே போனால் சிக்கல். அதனால் இருபது பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி வாட்ஸ்ஆப் குழுவில் நண்பர்களை என் ஆப்பில் வரும் விளம்பரத்தைக் கிளிக் செய்யச் சொல்லலாமா? ஒரு தொடக்கத்துக்காகத்தான்.
– வாசகர், மயிலாடுதுறை

கூடவே கூடாது. ஒரே ஊரிலிருந்து ஒரே மாலையில் வரும் கிளிக்குகள் பளிச்சென்று தெரியும். ஆட்மாப் கணக்கு முடங்கினால் மேல்முறையீடு உண்டு, ஆனால் அது தோற்றால் வேறு கணக்கு தொடங்க அனுமதி கிடைக்காது. நீங்களே சோதிக்கும்போதும் கூகுள் தரும் சோதனை விளம்பர எண்ணைத்தான் போட வேண்டும், உங்கள் போனைச் சோதனைக் கருவியாகப் பதிய வேண்டும்.

எங்கள் விவசாயிகள் ஆப்பில் உடனடிக் கடன் விளம்பரங்கள் வருகின்றன. தடுத்தால் வருமானம் குறையுமா?
– வாசகர், நாகப்பட்டினம்

ஓரளவு குறையும். குறைந்தாலும் தடுங்கள். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுப் பணம் எப்போது ஏறும் என்று காத்திருக்கிறவர் கையில்தான் அந்த விளம்பரம் போய் நிற்கிறது. உங்கள் ஆப்பை நம்பித் திறந்தவர் அதையும் நம்பிவிடுவார். ஆட்மாப்பில் தடுப்புக் கட்டுப்பாடுகள் பகுதிக்குப் போய், விளம்பர வகைகளில் கடன், சூதாட்டம் தொடர்பானவற்றை அணைத்துவிடுங்கள். அதையும் மீறி நழுவி வந்தால், பயனாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் விளம்பரதாரரின் இணைய முகவரியைக் குறித்துக்கொண்டு அதே பகுதியில் தனியாகத் தடுக்கலாம். பருவத்துக்கு ஒரு தடவை அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள், முகவரிகளை மாற்றிக்கொண்டு அவர்கள் திரும்ப வருவார்கள்.